புல்லும் சொல்லும்

உலகத் தாவரவியல் வரலாற்றில் மடுல்சீமையின் பெயர் பதிந்தது ஒரு நோயை முன்னிட்டே ஆகும். 1869ஆம் ஆண்டில் அப்பகுதிக் கோப்பித் தோட்டம் ஒன்றில், இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதைக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் தலைவராய் விளங்கிய துவெய்ட்ஸ், நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே காளான் ஆராய்ச்சியில் வல்லவரான பேர்க்லி பாதிரியார் அவற்றை ஆராய்ந்து, நோய்க்குக் காரணமான பூஞ்சணத்துக்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். பாதி மழமழப்பானது என்பது முற்பெயரின் பொருள்; பாழ்படுத்துவது என்பது பிற்பெயரின் பொருள். அந்த நுண்ணுயிரின் வித்து ஒரு புறம் வழவழப்பாயும் மறுபுறம் முள்முள்ளாயும் இருந்தமையால் முற்பெயர் அமைந்தது. பிற்பெயருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள்ளே இலங்கையின் கோப்பித் தொழில் அழிந்தொழிந்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக் கொண்டது.

கோப்பி வந்தது, போயிற்று; தேயிலை வந்தது, நிலைத்தது. ஆயின் இவ்விரண்டுக்கும் முன்னரே ஊவாவின் மலைச்சரிவுகளில் ஒரு பயிர் யாரும் நடாமலே நின்றது, இன்றும் நிற்கிறது. அதுவே புல். பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் வழியிலும், 'சின்ன உலக முடிவு' என்று மக்கள் அழைக்கும் செங்குத்துப் பாறை விளிம்பிலும், தேயிலை எட்டாத மேடுகளிலெல்லாம் காற்றில் அலையலையாய்ச் சாய்ந்தாடுவது புல்லே. பத்தனை என்று சிங்களமும் தமிழும் அழைக்கும் அப்புல்வெளிகளைப் பார்ப்போர் பலர். அவற்றில் நிற்கும் ஒரு தாளைப் பறித்து, அதன் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் காட்டக் கூடியவர் சிலர். இலைக்குப் பெயர் உண்டு. தண்டுக்குப் பெயர் உண்டு. தண்டை இலை அணைக்கும் இடத்துக்கு என்ன பெயர்? புல்லுக்குப் பூ உண்டா? உண்டாயின் அதன் இதழ்கள் எங்கே? இவ்வினாக்களுக்கு விடை கூறும் சொற்கள் எவ்வாறு பிறந்தன, யாருடைய நாவிலே வளர்ந்தன என்பது சுவையான வரலாறு. அவ்வரலாற்றிலே தமிழுக்கு உரிய பங்கு சிறிதன்று.

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கணமாகிய தொல்காப்பியம், மரபியல் என்னும் இயலில் செடிகொடிகளை இருபெரும் பிரிவாகப் பிரிக்கிறது. வெளிப்புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், உட்புறத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் அது கொள்ளுகிறது. இப்பகுப்பின்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினத்தைச் சேர்ந்தவை. தென்னையைப் புல் என்பதைக் கேட்டு இன்றைய மாணவன் நகைக்கக் கூடும். ஆயினும் தென்னையின் அடிமரத்தை அரிந்து பார்த்தவன் நகைக்க மாட்டான். நடுப்பகுதி சோறு போல் மென்மையாகவும் ஓரம் இரும்பு போல் வன்மையாகவும் இருப்பதை அவன் காண்பான். நீர் கடத்தும் நார்க்கற்றைகள் விளிம்பிலே நெருங்கியும் நடுவிலே கலைந்தும் கிடப்பதே அதற்குக் காரணம். இக்காலத் தாவரவியலார் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று வகுக்கும் கூட்டத்தில் புல்லும் பனையும் தென்னையும் ஒருங்கே அடங்கும். முன்னோர் பகுப்பும் பின்னோர் பகுப்பும் முற்றும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் தண்டை வெட்டிப் பார்த்த கண்களிலிருந்தே பிறந்தவை.

பகுத்ததோடு தொல்காப்பியர் அமையவில்லை. புல்லின் உறுப்புகளுக்கு உரிய பெயர் இவை, மரத்தின் உறுப்புகளுக்கு உரிய பெயர் இவை என்று தனித்தனியே எடுத்துரைக்கிறார். தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை ஆகியவை புல்லைச் சார்ந்தவை. தளிர், சினை, குழை, பூ, அரும்பு, நனை முதலியவை மரத்தைச் சார்ந்தவை. பூ என்னும் சொல் புல்லுக்குரிய வரிசையில் இல்லை. அவ்விடத்தில் பாளையும் குலையும் நிற்கின்றன. புல்லின் பூ பிற பூக்களைப் போல் நிறங்காட்டி வண்டை அழைப்பதில்லை. மடலுக்குள்ளே மறைந்து, குலையாய் வெளிவந்து, காற்றோடு உறவு கொள்ளுகிறது. இந்த வேறுபாட்டைச் சொற்களின் வரிசையே காட்டிவிடுகிறது.

இலக்கணம் வகுத்தது ஒருபுறம் இருக்க, வயலிலே நின்றவர்கள் புல்லை இன்னும் நெருங்கி அறிந்தார்கள். நெல்லும் வரகும் சாமையும் தினையும் சோளமும் குரக்கனும் கரும்பும் புல்லினமே. ஒரே வகை உறுப்பாயினும் பயிருக்குப் பயிர் வேறு சொல் வழங்கியது. நெல்லின் தண்டு தாள்; சோளத்தின் தண்டு தட்டை; கரும்பின் இலை தோகை. அறுத்த பின் நிலத்தில் எஞ்சுவது அரிதாள். அடித்த பின் களத்தில் எஞ்சுவது வைக்கோல். தண்டின் முடிச்சு கணு. ஒரு வித்திலிருந்து பல தாள்கள் கிளைத்துக் கூட்டமாய் நிற்பது தூர். இலையின் ஓரத்திலே கையை அறுக்கும் நுண்முள் சுணை. மணியின் நுனியிலே நீளும் மயிர் போன்ற கூர் சூகம்.

பயிரின் பருவங்களுக்கும் அவ்வாறே பெயர்கள் இருந்தன. பயிர் தூர் கட்டும். பின்னர்ச் சூல் கொள்ளும். கதிர் வெளிவராமல் இலைமடலுக்குள்ளே திரண்டு நிற்கும் நிலையை ஈழத்து உழவர் குடலை என்றனர். அதன்பின் கதிர் ஈனும், பால் பிடிக்கும், மணி முற்றும், தலை சாயும். மணி பிடிக்காதது பதர். பயிர் காய்ந்து கெட்டால் சாவி. கருவுற்று, ஈன்று, பாலூட்டி வளரும் ஒரு தாயின் வாழ்வாகவே பயிரின் வாழ்வை அவர்கள் கண்டனர் என்பதை இச்சொற்கள் காட்டும். இவை கவிதைக்காகப் புனைந்த சொற்களும் அல்ல. எந்தப் பருவத்தில் நீர் கட்ட வேண்டும், எப்பொழுது வடிக்க வேண்டும் என்பதைப் பிழையின்றிச் சொல்லிக்கொள்ளப் பயன்பட்ட தொழிற்சொற்கள்.

மடுல்சீமைக்கும் பதுளையைச் சூழ்ந்த பிற தோட்டங்களுக்கும் 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த தமிழர்கள் இச்சொற்களோடுதான் வந்தார்கள். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளில் உழவுத்தொழிலைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்கள் அவை. வந்த இடத்தில் வயல் இல்லை. கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் இடையில் முளைத்த புல்லை வெட்டுவதே அவர்களுடைய வேலைகளில் ஒன்றாயிற்று. பயிராய் வளர்த்த புல்லை விட்டுவந்தவர்கள், களையாய் முளைத்த புல்லோடு போராட நேர்ந்தது.

இனி, இலங்கைப் புற்களைத் தேடி ஏட்டில் ஏற்றியோரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் ஆட்சியின் மருத்துவராய் இத்தீவில் இருந்த பவுல் ஹேர்மன் செடிகளைச் சேர்த்து உலர்த்தி வைத்தார். அத்தொகுப்பை ஆதாரமாகக் கொண்டு, சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1824இல் அலெக்சாந்தர் மூன் ஒரு பட்டியல் தந்தார். 1858 தொடங்கி 1864 வரை துவெய்ட்ஸ் தமது நூலை வெளியிட்டார். பின்னர் வந்த திரைமன் 1893இல் இலங்கைத் தாவரக் கைநூலைத் தொடங்கினார். அறிவியற் பெயர்களுடன் சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்து எழுதினார். நூல் முற்றுப்பெறு முன்னரே 1896இல் அவர் மறைந்தார். புற்களைப் பற்றிய இறுதிப் பாகத்தைச் சர் யோசப் ஹூக்கர் எழுதி 1900இல் வெளியிட்டார்.

அதே காலத்தில் பியர்சன் என்னும் இளைஞர் கேம்பிரிட்சிலிருந்து வந்து, பத்தனைகளை மட்டுமே தனியாக ஆராய்ந்தார். அவருடைய ஆய்வு 1899இல் வெளியாயிற்று. உயர்ந்த மலைகளிலுள்ள ஈரப் பத்தனை, அவற்றிற்குக் கீழே ஊவாவில் பரந்துள்ள உலர் பத்தனை என்னும் பகுப்பை அவர் விளக்கினார். உலர் பத்தனையின் தலைமைப் புல் மானா. பிற்காலத்தில் தென்னாபிரிக்கா சென்று, 1913இல் கேர்ஸ்டன்போஷ் தாவரப் பூங்காவை நிறுவியவரும் இப்பியர்சனே. இந்நாட்டறிஞரான சேனாரத்ன எழுதிய இலங்கைப் புற்கள் பற்றிய நூல் 1956இல் அரசாங்கத்தாரால் வெளியிடப்பட்டது. தமிழகத்திலே கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் பணிபுரிந்த ரங்காச்சாரியார், தாடுலிங்க முதலியாரின் துணையோடு, தென்னிந்தியப் புற்கள் சிலவற்றைப் பற்றிய கைநூலை 1921இல் வெளியிட்டார். புல்லின் உறுப்புகளையும் பூக்கும் முறையையும் முதலில் விளக்கி, அதன் பின்னரே ஒவ்வொரு புல்லாக எடுத்துக்கொள்ளும் நூல் அது. தமிழர் ஒருவர் எழுதியதாயினும் அந்நூலும் ஆங்கிலத்திலேயே அமைந்தது.

இவ்வறிஞர்கள் கையாண்ட சொற்களைக் கண்டு மாணவர் அஞ்சுவது உண்டு. குளூம், லெம்மா, பேலியா, லிக்யூல், லாடிக்யூல், ராக்கிஸ் என்று அவை அணிவகுத்து வரும். ஆனால் இச்சொற்களின் பிறப்பை அறிந்தால் அச்சம் நீங்கும். குளூம் என்பதற்கு மூலமான இலத்தீன் சொல்லுக்கு உமி என்பதே பொருள். பேலியா என்றால் பதர். லெம்மா என்றால் உரிக்கப்படும் தோல். லிக்யூல் என்றால் சிறிய நாக்கு. லாடிக்யூல் என்றால் சிறிய போர்வை. ராக்கிஸ் என்றால் முதுகெலும்பு. உரோமாபுரி உழவனும் கிரேக்க உழவனும் களத்திலே தூற்றிய உமியும் பதருமே பின்னாளில் கலைச்சொல் என்னும் பட்டம் பெற்றன. கலைச்சொல் வேறு, களத்துச் சொல் வேறு என்று எண்ணுவது பொருந்தாது. களத்துச் சொல்லுக்கு வரம்பு கட்டினால் அது கலைச்சொல் ஆகிவிடும்.

இதனை நெல்மணி ஒன்றைக் கொண்டே காட்டலாம். நெல்லைக் கையில் எடுத்து உற்றுநோக்கினால் அதன் அடியிலே இரண்டு சிறு செதில்கள் தெரியும். அவற்றுக்கு மேலே மணியை மூடியிருப்பன இரு பெரும் உமிகள். வெளியே படகுபோல் வளைந்து பெரிதாய் உள்ளதை அறிவியலார் லெம்மா என்பர். அதற்குள் பொருந்தி நிற்கும் மற்றொன்றைப் பேலியா என்பர். புறவுமி, அகவுமி என்று இவற்றைத் தமிழிலே சொன்னால் எந்தக் குழந்தைக்கும் விளங்கும். சில நெல் வகைகளில் புறவுமியின் நுனி நீண்டு சூகமாகும். பூக்கும் காலத்தில் இவ்விரு உமிகளுக்குள்ளே ஆறு கேசரங்களும், இறகு போன்ற இரு சூல்முடிகளும் இருக்கும். பெரும்பாலான புற்களுக்குக் கேசரம் மூன்றே. அடியிலே இரண்டு நுண்ணிய சதைத்துண்டுகள் ஒளிந்திருக்கின்றன. இதழ்களின் எச்சமெனக் கருதப்படும் அவையே லாடிக்யூல்கள். முற்பகலில் அவை நீருறிஞ்சிப் பருத்து, உமிகளை நெம்பி விலக்குகின்றன. கேசரங்கள் வெளியே தொங்கிக் காற்றில் மகரந்தத்தைச் சிந்துகின்றன. சிறிது நேரத்தில் சதைத்துண்டுகள் வாட, கதவு மூடுகிறது. அதன்பின் அக்கதவு திறப்பதில்லை. உள்ளே மணி வளர்கிறது. அந்த மணியில் கனியின் தோலும் வித்தின் தோலும் ஒன்றாய் ஒட்டியிருக்கும். அரிசியைத் தீட்டும்போது உதிரும் தவிட்டில் இவ்விரு தோல்களும் கலந்துள்ளன. உமி வேறு, தவிடு வேறு என்று அறிந்து புடைத்த தமிழ்ப் பெண்ணின் முறத்திலே, தாவரவியலின் ஒரு பாடமே அடங்கியிருந்தது.

அடியிலுள்ள செதில்களும் உமிகளும் பூவும் சேர்ந்த இச்சிறு தொகுதிக்குச் சிறுகதிர் என்று பெயர் வழங்கலாம். புல்லினத்தின் அடிப்படை அலகு இதுவே. பிற செடிகளைப் பூவைக் கொண்டு இனங்காண்பர். புல்லைச் சிறுகதிரைக் கொண்டும், அச்சிறுகதிர்கள் தொகுதியாய் அமையும் முறையைக் கொண்டும் இனங்காண்பர். அத்தொகுதிக்கு இலங்கைப் பாடநூல்கள் தந்த பெயர் பூந்துணர். துணர் என்பது கொத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். தமிழகத்துப் பாடநூல்கள் மஞ்சரி என்னும் வடசொல்லை வழங்கின. இரு கரைகளிலிருந்தும் நூல்களைப் பெற்றுப் படிக்கும் மலையக மாணவன், இவ்விரு சொற்களும் குறிப்பது ஒரே பொருளை என்று அறிந்துகொள்ளுதல் நலம்.

பூந்துணரின் வகைகளைக் காண மடுல்சீமையார் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இலுக்குப் புல்லைப் பார்க்கலாம். அதன் துணர் உருளை வடிவாய், வெண்பட்டு நூலால் செய்த திரி போல நிமிர்ந்து நிற்கும். முற்றியதும் ஒவ்வொரு சிறுகதிரும் தன் பட்டுமயிரோடு காற்றில் பறந்துபோகும். மாட்டுத் தீவனத்துக்காகப் பிறநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பின்னர்த் தானாகவே பரவிய கினிப்புல்லைப் பார்க்கலாம். அதன் துணர் கிளைவிட்டு, கிளைகள் மீண்டும் கிளைவிட்டு விரிந்து தொங்கும். அருகம்புல்லின் துணர் ஒரே இடத்திலிருந்து விரல்கள் போல் பிரியும். அதன் அறிவியற் பெயரான சைனோடன் டாக்டைலான் என்பதில் நாய்ப்பல்லும் விரலும் அடங்கியுள்ளன. உடையில் ஏறிக் குத்தும் ஒட்டுப்புல்லைச் சிங்களத்தில் துத்திரி என்பர். அதன் சிறுகதிரின் அடி முள்ளாய்க் கூர்ந்திருப்பதால், உதிரும்போது வழிப்போக்கனையே வாகனமாக்கிக் கொள்ளுகிறது.

ஊவாவின் சேனை நிலங்களில் விளைந்த குரக்கனும் விரல் பிரிந்த துணரை உடையது. தமிழகத்தில் கேழ்வரகு எனப்படுவதும் இதுவே. உலகெங்கும் தாவரவியலார் இதனை எலுசின் கோரகானா என்கின்றனர். அப்பெயரின் பிற்பகுதி குரக்கன் என்னும் இந்நாட்டுச் சொல்லிலிருந்தே எடுக்கப்பட்டது. லின்னேயஸ் 1759இல் அச்சொல்லைப் பயிருக்குச் சூட்டினார். சேனையிலே தீயிட்டு விதைத்த ஏழைக் குடியானவனின் சொல், இலத்தீன் உடை உடுத்து உலகத்து நூல்நிலையங்களிலெல்லாம் வீற்றிருக்கிறது. கற்றோர் சொல்லைக் கல்லார் கடன் வாங்குவதே வழக்கம் என்று நினைப்போருக்கு இது தக்க விடையாகும்.

எல்லாவற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு பத்தனையின் தலைவனான மானாப்புல். இதன் பேரினப் பெயர் சிம்போபோகன். கிரேக்க மொழியில் கிம்பே என்பது படகு, போகன் என்பது தாடி. படகிலே தாடி என்பது வியப்பான பெயர்தான்! ஆனால் மானாவின் பூத்த தாளை எடுத்துப் பார்த்தால் வியப்பு நீங்கும். அதன் துணரிலே சிறுகதிர்கள் இணை இணையாய் இரு கிளைகளில் அமைந்திருக்கும். ஒவ்வோர் இணையிலும் காம்பில்லாத ஒன்று மணி பிடிக்கும்; காம்புள்ள மற்றொன்று மணி பிடிப்பதில்லை. இவ்விரு கிளைகளுக்கும் கீழே, படகு வடிவில் மடிந்த ஓர் இலைப்பகுதி அவற்றை அணைத்து நிற்கும். அப்படகுதான் பேரினப் பெயரிலுள்ள படகு. ஐரோப்பிய நூல்கள் அவ்வுறுப்பை ஸ்பேத் என்று எழுதுகின்றன.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டுமோ? தென்னையின் பூக்குலையை மூடியிருந்து வெடித்துத் திறக்கும் படகு போன்ற உறுப்பைத் தமிழ்க் குழந்தையும் பாளை என்னும். அச்சொல்லைப் புல்லின் உறுப்புகளுக்குள்ளே ஒன்றாகத் தொல்காப்பியம் முன்னரே வைத்திருக்கிறது. தென்னையில் ஆள் நீளம் இருப்பதும், மானாவில் விரற்கணு அளவே இருப்பதும் பணியில் ஒன்றே. துணரை இளமையில் மூடிக் காப்பதே அப்பணி. கிரேக்கன் ஆற்றில் கண்ட படகைத் தமிழன் தோப்பிலே பாளையாகக் கண்டான். ஊவாவின் மலையுச்சிப் புல்லுக்கும் கடற்கரைத் தென்னைக்கும் ஒரு சொல்லால் உறவு காட்டுவது, தமிழ் மாணவனுக்கு அவனுடைய மொழி தரும் தனிப்பேறு.

மானா பத்தனையிலே நிலைத்திருப்பதற்கும் அதன் உறுப்பமைப்பே காரணம். கோடையில் பத்தனை தீப்பிடித்து எரிவது ஊவாவின் பழங்காட்சி. இலைகள் சாம்பலாகும், ஆனால் வளரும் குருத்துகள் தூரின் அடியிலே பழைய மடல்களுக்குள் புதைந்திருப்பதால் தப்பிவிடும். மழை பெய்ததும் கருகிய சரிவு பசுமை பூணும். மரக்கன்றுகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. மீண்டும் மீண்டும் தீ வைக்கும் இடத்தில் காடு ஏறாமல் புல்லே ஆள்வதற்கு இதுவும் ஒரு காரணம். இலுக்கோ மண்ணுக்குள்ளே கிழங்கு போன்ற தண்டை ஓட்டி வைத்துள்ளது. அதில் ஒரு கணு எஞ்சினாலும் மீண்டும் முளைக்கும். மேலும் புல்லின் தண்டு நுனியில் மட்டுமன்றிக் கணுவை ஒட்டியும் வளர்வதால், வெட்டிய புல் மறுபடியும் எழுகிறது. மேலே வெட்டினால் போதாது, வேரோடு தோண்ட வேண்டும் என்பதைத் தோட்டத்தில் புல்வெட்டியவர்கள் தாவரவியல் நூலிலிருந்து கற்கவில்லை. கைகளில் சுணை கிழித்த கோடுகளிலிருந்து கற்றார்கள்.

அவ்வாறு தோண்டியும் சுரண்டியும் எடுத்ததன் விளைவு யாது? கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்கக் காலத்திலும், ஒரு புல்லும் இல்லாதபடி நிலத்தைத் துடைத்து வைப்பதே நல்ல தோட்டத்தின் இலக்கணம் என்று துரைமார் கருதினர். சரிவிலே மூடுவாரின்றிக் கிடந்த மேல்மண்ணைப் பருவமழை அள்ளிக்கொண்டு போயிற்று. நூற்றாண்டுகளாய்க் காடு சேர்த்து வைத்த செல்வம் ஆறுகளில் கலங்கி ஓடியது. 1931இல் மண்ணரிப்பைப் பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

பகை என்று கருதிய புல்லிடமே பின்னர்த் தோட்டங்கள் துணை வேண்டின. பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுத் தேயிலை நடுமுன், மண்ணுக்கு உயிரூட்டும் பொருட்டு மானாவையோ குவாத்தமாலாப் புல்லையோ பயிரிட்டு, ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை வளர்ப்பது முறையாயிற்று. 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இம்முறையை வற்புறுத்தி வந்துள்ளது. அவ்வப்போது புல்லை வெட்டி அந்நிலத்திலேயே பரப்புவர். வேர்த்தொகுதி மண்ணைப் பிணைக்கும். மக்கிய இலை உரமாகும். மானாவை நடும்போது தூரைப் பிரித்து நடுகின்றனர். குவாத்தமாலாப் புல்லைக் கணுக்களோடு கூடிய தண்டுத் துண்டுகளாக நடுகின்றனர். காவிரிக் கரையிலிருந்தும் வைகைக் கரையிலிருந்தும் கொண்டுவந்த தூர், கணு என்னும் சொற்கள், நாலைந்து தலைமுறைக்குப் பின்னும் தேயிலை மலையிலே தொழிற்சொற்களாய் உயிர்வாழக் காரணம் இதுவே. சொல் ஏட்டினால் மட்டும் வாழ்வதில்லை. கை அதனைத் தொடும் வரையில் வாழ்கிறது.

ஏனைய சொற்களின் நிலை அவ்வாறில்லை. குடலை, சூல், சூகம், சாவி, அரிதாள் என்பவற்றுக்கு மலையிலே வேலை இல்லை. மடுல்சீமைக் குழந்தை நெற்கதிரைப் பொங்கல் நாளிலும் படத்திலும் காணுமேயன்றி, தூர் கட்டியது முதல் தலை சாய்ந்தது வரை உடனிருந்து காண்பதில்லை. பொருள் கண்ணிலிருந்து மறைந்தால் சொல் நாவிலிருந்து மறைவதற்கு நெடுங்காலம் வேண்டாம். அந்த இழப்பைத் தடுக்கக்கூடிய இடம் ஒன்றே உண்டு; அது பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடத்துக்குத் தமிழ்க் கலைச்சொல் கிடைத்ததும் தானாக நிகழ்ந்ததன்று. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மட்டக்களப்புக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அம்முயற்சியின் பயனாக 1938இல் வெளியான கலைச்சொற்றொகுதியில் தாவரநூற் சொற்களும் இடம்பெற்றன. அறிவியற் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே பெற்றிருந்த அடிகள், தமிழால் அறிவியலைச் சொல்ல முடியும் என்று வாதிட்டதோடு நில்லாமல் சொல்லியும் காட்டினார். பின்னர் இலங்கையில் தாய்மொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு விரிந்தபோது, 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்குச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. பூந்துணர் போன்ற சொற்கள் மாணவர் வாயில் நிலைத்தது இத்தகைய உழைப்பினாலேயாம்.

ஆனால் சொற்றொகுதி அச்சேறிய காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைத் தொடக்கூடிய வகுப்பை எட்டினர்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களின் பெற்றோருள் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றன. அப்பள்ளிகள் அரசாங்கத்தின் கீழ் வந்தது 1970களிலேதான். நாடற்றோர் எஞ்சியிருந்த நிலையைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. எந்த மக்கள் புல்லை நாள்தோறும் கையாண்டனரோ, அம்மக்களின் பிள்ளைகளுக்கே புல்லைப் பற்றிய நூல் நெடுங்காலம் எட்டாதிருந்தது. இன்று அப்பிள்ளைகளுக்கு உயர்தர வகுப்பும் பல்கலைக்கழகமும் திறந்துள்ளன. அங்கே அவர்கள் லெம்மா, பேலியா என்பவற்றைப் பொருளறியாது உருப்போட்டுத் தேர்வு எழுதி மறந்துவிடுவாராயின், கிடைத்த வாயில் பாதிதான் திறந்தது என்று கொள்ள வேண்டும்.

மேனாட்டுச் சொற்களைத் தள்ளிவிட வேண்டும் என்பது இதன் கருத்தன்று. உலகத்தோடு பேச அவை வேண்டும். ஆனால் பிள்ளை முதலில் உமியைத் தொட்டு, புறவுமி அகவுமியைப் பிரித்தறிந்து, அதன்பின் லெம்மாவையும் பேலியாவையும் கற்றால், அச்சொற்கள் அந்நியமாய் நில்லா. தாளின் கணுவைத் தடவிப் பார்த்து, இலைமடலை மெல்ல விலக்கி, மடலும் இலையும் கூடும் இடத்திலுள்ள சிறு நாக்கைக் கண்டபின், லிக்யூல் என்பது அதன் மறுபெயர் ஆகிவிடும். மானாவின் பாளையைக் கண்டவனுக்குச் சிம்போபோகன் என்பது மந்திரமன்று, ஒரு செய்தி. இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஊவாவின் பள்ளி எதுவாயினும், அதன் வேலியோரத்தில் குறைந்தது நான்கு வகைத் துணர்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு குண்டூசியும் மலிவான கைவில்லையும் போதும்.

புல் என்னும் சொல்லிலிருந்தே தமிழில் புன்மை என்னும் சொல்லும் பிறந்தது என்பர். சிறுமையையும் இழிவையும் அச்சொல் குறிக்கும். காலடியில் கிடப்பதைச் சிறிதென்று கருதுவது மனித இயல்பு. எனினும் நெல்லாய் நின்று உணவூட்டுவதும், வைக்கோலாய்க் கிடந்து மாட்டைக் காப்பதும், கூரையாய் வேய்ந்து மழையைத் தடுப்பதும், வேராய் ஊன்றி மலை மண்ணைப் பிடித்து நிறுத்துவதும் புல்லே. மடுல்சீமையில் ஒரு பயிரின் அழிவைக் கண்டு அறிஞருலகம் அதற்குப் பெயர் சூட்டிற்று. அழியாமல் நிற்கும் பயிரின் உறுப்புகளுக்குப் பெயர்களைத் தமிழ் நெடுநாள் முன்னரே சூட்டிவிட்டது. அப்பெயர்களை மீண்டும் புல்லோடு பொருத்திக் காட்டுவது, ஊவாவின் ஆசிரியர்களும் மாணவர்களும் தம் வாயிலோரத்திலேயே தொடங்கக்கூடிய பணியாகும்.